கைப்பேசியில் இறங்கும் கடவுள்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமக்கு வெகு தூரத்திலுள்ள ஜனங்களைப் பற்றியது. அமெரிக்காவுக்குத் தெற்கே கரீபியன் கடலில் ஹைட்டி, கியூபா என்று இரண்டு தேசங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட கறுப்பு ஜனங்களின் சந்ததியார் அங்கே ஏராளம். அவர்களுக்கு ஹைட்டியில் வூடூ என்றும், கியூபாவில் சாந்தேரியா என்றும் சொல்லப்படுகிற மதங்கள் உண்டு. அந்த மதக்காரர்களில் பலர் பிழைப்புக்காக நியூயார்க், மியாமி முதலிய பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். போனவர்களும் இருப்பவர்களும் சேர்ந்து இப்பொழுது தங்கள் புண்ணிய ஸ்தலத்தைக் கைப்பேசித் திரையிலேயே அமைத்துக்கொள்ளுகிறார்கள். பூசை திரையில் நடக்கிறது, குறி திரையில் சொல்லப்படுகிறது, துக்கமும் திரையிலேயே விசாரிக்கப்படுகிறது.

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது, "பேய்க்கும் போன் நெம்பர் கொடுத்தாயிற்றா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் அதே கடலில் குவாதலூப் என்று ஒரு தீவிருக்கிறது. 1854ம் வருஷம் டிசம்பர் முதற்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஜனங்களை அங்கே கரும்புக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழை மறந்தார்கள், மாரியம்மனை மறக்கவில்லை. பக்கத்திலுள்ள மார்த்தினிக் தீவில் நம் மதுரை வீரன் 'மால்தெவிதான்' என்ற பெயரோடு இன்றைக்கும் படையல் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஆகவே சிரிக்கிறவர்கள் கொஞ்சம் அளவாகச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

எனக்குப் பள்ளிப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோயிற்று. பிரெஞ்சும் ஸ்பானிஷும் தெரியாது. இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் படித்ததைக் கொண்டே சொல்லுகிறேன்.

புண்ணிய ஸ்தலம் என்றால் என்ன? 'இந்த இடத்திலேதான் கடவுள் இருக்கிறார், இங்கே வந்தால்தான் பலன்' என்பது எல்லா மதக்காரர்களும் சொல்லுகிற பேச்சு. ஸ்தலமென்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அதற்கு மதில் வேண்டும், மதிலுக்கு வாசல் வேண்டும், வாசலில் நின்று இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாது என்று சொல்ல ஒருவன் வேண்டும். ஆனால் சொந்த உடம்பே சொந்தமில்லாத அடிமைக்கு மதில் ஏது? வாசல் ஏது? அவன் தன் ஸ்தலத்தை எதைக்கொண்டு கட்டினான் என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொண்டால் கைப்பேசிச் சங்கதி தானே விளங்கிவிடும்.

ஹைட்டி பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காலத்தில் அங்கே கறுப்பர் சட்டம் என்பதாக ஒரு சட்டம் அமுலில் இருந்தது. 14ம் லூயி ராஜா 1685ம் வருஷத்தில் செய்தது. அடிமைகளுக்கெல்லாம் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்தாகவேண்டும். வேறு மதத்தைப் பகிரங்கமாக அனுசரிக்கக்கூடாது. வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் இரவிலோ பகலிலோ, கல்யாணமென்றோ வேறெதுவென்றோ சாக்குச் சொல்லிக்கூட ஒன்றுகூடக் கூடாது. கூடினால் சவுக்கடியும் சூடும், மேலும் மேலும் கூடினால் மரண தண்டனையும் விதிக்கலாம். இதுதான் சட்டம். கவனியுங்கள் தோழர்களே! தெய்வத்தைக் கும்பிடாதே என்று மட்டும் சொல்லவில்லை. நாலுபேர் சேர்ந்து நிற்காதே என்று சொல்லிற்று. எஜமானனுக்கு அடிமையின் சாமியைக் கண்டு பயமில்லை. கூட்டத்தைக் கண்டுதான் பயம்.

அப்படிப்பட்டவர்கள் ஏற்படுத்திக்கொண்ட மதத்திலே பூசை இன்றைக்கும் எப்படி நடக்கிறதென்றால், ஒரு கொட்டகை, அதன் நடுவே ஒரு கம்பம். அந்தக் கம்பத்தின் வழியாகத்தான் தெய்வங்கள் வந்துபோவதாக நம்பிக்கை. அதைச் சுற்றித் தரையிலே மக்காச்சோள மாவை விரலிடுக்கில் விட்டுக் கோலம் போடுகிறார்கள். ஒவ்வொரு தெய்வத்திற்கும் ஒவ்வொரு கோலம். பிறகு முரசு கொட்ட, ஆட்டம் ஆரம்பமாகி, யார் மேலாவது சாமி வந்துவிடும். சாமி வந்தவரைக் 'குதிரை' என்றுதான் சொல்லுவார்கள். தெய்வம் அவர்மேல் ஏறி ஓட்டுகிறதாம். ஆடுகிறவர்கள் காலடியிலேயே அந்த மாவுக் கோலம் அழிந்துபோகும். விடிந்து போய்ப் பார்த்தால் வெறும் கொட்டகை, வெறும் தரை. பிடித்துக்கொண்டு போவதற்கோ இடித்துப் போடுவதற்கோ அங்கே ஒன்றும் இருக்காது.

கியூபாவில் வேறொரு தந்திரம். அங்கே எஜமானர்கள் ஸ்பானியர்கள். இடிக்கும் மின்னலுக்கும் அதிபதியான சாங்கோ என்ற ஆண் தெய்வத்தை, கிறிஸ்தவர்களின் பார்பரா என்ற பெண் புனிதரின் படத்துக்குப் பின்னே நிறுத்தினார்கள். இருவருக்கும் சிவப்புத் துணியும் இடியும் பொதுவாயிருந்தது போதுமானதாயிருந்தது. பாதிரியார் பார்த்தால் பார்பரா அம்மாள். அடிமை பார்த்தால் சாங்கோ. ஒரே படம், ஒரே சுவர், ஆனால் ஸ்தலம் இரண்டு! கடவுளுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் சாஸ்திரம் எழுதி வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க. 1791ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹைட்டியில் ஒரு காட்டிலே அடிமைகள் இரகசியமாகக் கூடிப் பூசை போட்டுச் சபதம் செய்ததாகவும், அதன் பிறகே 22ந் தேதி இரவு கலகம் கிளம்பியதாகவும் சொல்லப்படுகிறது. அன்றைக்கு அங்கே சுமார் 5 இலட்சம் அடிமைகள். பதின்மூன்று வருஷம் போராடி, 1804ம் வருஷம் ஜனவரி 1ந் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். வூடூக்காரர்கள், 'எங்கள் தெய்வங்கள் வாங்கிக் கொடுத்த விடுதலை' என்கிறார்கள். அப்படியானால் அதற்கு முன் நூறு வருஷம் அந்தத் தெய்வங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்பது நம் கடமை. அது சரி. ஆனால் அந்தக் காட்டுக் கூட்டத்தில் பூசை என்ற திரை இல்லாதிருந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சபதம் செய்ய அவர்களுக்கு வேறு எந்த மண்டபம் திறந்திருந்தது? இதையும் நாம் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் நம்முடையது பகுத்தறிவாகாது, பாதிரியின் கட்சியாகிவிடும்.

பாதிரியின் கட்சி என்ன செய்ததென்றும் கேளுங்கள். 1941, 42ம் வருஷங்களில் ஹைட்டியின் கத்தோலிக்கச் சபையார் சர்க்காரின் ஆதரவோடு மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கமென்று ஒன்று நடத்தினார்கள். பெயர் எவ்வளவு அழகு! கேட்டால் நாமே சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் காரியமோ வூடூ முரசுகளையும் பூசைச் சாமான்களையும் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துவதும், ஏழைக் குடியானவர்களை மண்டியிடச் செய்து 'வூடூவைக் கைவிட்டேன்' என்று சத்தியம் வாங்குவதும்தான். ஒரு மூடநம்பிக்கையை எரித்துவிட்டு அந்தச் சாம்பலில் இன்னொன்றை நட்டார்கள்.

அப்பொழுது அதைக் கண்டித்து எழுதியவர் யார் தெரியுமா? வூடூ பூசாரியல்ல. ஜாக் ரூமேன் என்ற எழுத்தாளர். 1934ல் ஹைட்டியில் கம்யூனிஸ்டுக் கட்சியை ஸ்தாபித்தவர். நாட்டுக்குத் தேவை மூடநம்பிக்கைக்கு விரோதமான யுத்தமல்ல, தரித்திரத்திற்கு விரோதமான யுத்தம் என்பது அவருடைய வாதம். காய்ச்சல் வந்தால் போக டாக்டர் இல்லாதவன் பூசாரியிடம்தானே போவான் என்று கேட்டார். 1944ல், 37 வயதிலேயே இறந்துபோனார். நாம் இவரை அறிந்துகொள்ளாமலிருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

முரசு எரிந்தது, மதம் எரியவில்லை. ஏனெனில் ஸ்தலம் முரசுக்குள்ளே இல்லை. பின்னால் ஜனங்கள் பஞ்சத்திற்கும் கொடுங்கோலுக்கும் தப்பிக் கப்பலேறியபோது அது அவர்களோடு கப்பலேறிற்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாடகை வீடுகளின் நிலவறையிலே, துணி துவைக்கும் யந்திரத்திற்கும் பழைய சாமான்களுக்கும் நடுவே, வூடூ பூசை நடக்கலாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று முரசை மெதுவாகத் தட்டுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். காரன் ரிச்மன் என்ற அம்மையார் இதைப் பற்றி 2005ம் வருஷத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டிருக்கிறார். ஹைட்டியில் லியோகான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ப்ளோரிடாவுக்குப் போய்த் தோட்டக் கூலி வேலை செய்கிறவர்கள் அநேகர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். குடியேற்றக் காகிதம் இல்லாததால் ஊருக்குத் திரும்பிவர முடியாதவர்களும் உண்டு. ஆகையால் அவர்கள் கடிதம் எழுதுவதில்லை. காசெட்டில் பேசி அனுப்பினார்கள். வீட்டார் பதிலையும் காசெட்டில் பேசி அனுப்பினார்கள். பிறகு அதே காசெட்டில் பூசையும் போக ஆரம்பித்தது. ப்ளோரிடாவில் இருக்கிற மகன் பணம் அனுப்புவான். ஊரிலே அவன் பேரால் பூசை நடக்கும். பக்கத்திலே டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். சாமி வந்து ஆடுகிறவர் அந்த யந்திரத்தின் பக்கம் திரும்பி, கடல் கடந்திருக்கிற மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'என்னை மறந்துவிட்டாயா?' என்கிற மாதிரி பேசுவார். சில வாரம் கழித்து அந்தக் கூலிக்காரன் வேலை முடிந்து வந்து, தன் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்பான். அவனைப் பொறுத்தவரை அந்த அறைதான் அன்றைக்குக் கோவில்.

அவன் கேட்டு அழுதிருப்பான். ஏன்? தெய்வத்தின் குரலுக்காகவா? பின்னணியிலே கோழி கூவியிருக்கும், அக்காள் இருமியிருக்கும், ஊரார் பாட்டு கேட்டிருக்கும். நான் அவனிடத்தில் இருந்தால் அதற்காகவே அழுதிருப்பேன்.

ஆனால், தோழர்களே, காசெட்டில் இன்னொரு குரலும் இருந்தது; பாக்கி வசூலிக்கிற குரல். ஊரிலே வேலையில்லாமல் கிடக்கிற அண்ணன்மீது அந்தத் தெய்வங்களுக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. கோபமெல்லாம் டாலர் சம்பாதிக்கிற தம்பி மீதுதான்! அவனுக்கு இடுப்பு வலித்தாலும், வேலை போனாலும், 'பூசை போடவில்லை, அதனால் வந்தது' என்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் குனிந்து காய்கறி பறிக்கிறவனுக்கு இடுப்பு வலிப்பதற்குத் தெய்வ கோபமா வேண்டும்?

இணையத்தில் நடப்பதெல்லாம் இந்தக் காசெட்டின் பிள்ளைகள்தான். கியூபாவில் 2015ம் வருஷம் ஜூலையில் சர்க்கார் 35 இடங்களில் பொது வைபை ஏற்படுத்தினார்கள். மணிக்கு 2 டாலர். சர்க்கார் உத்தியோகஸ்தரின் மாதச் சம்பளமோ 30 டாலருக்கும் குறைவு. ஜனங்கள் பூங்காவிலும் நடைபாதையிலும் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசினார்கள். 2018 டிசம்பர் 6ந் தேதிதான் கைப்பேசியிலேயே இணையம் வந்தது. அது முதல் ஹவானாவிலிருக்கிற பூசாரி கைப்பேசிக்கு எதிரே பாயை விரித்துச் சோழி உருட்ட, மியாமியிலிருக்கிற சிஷ்யப் பிள்ளை குறி கேட்கிறது. 2020ல் கொரோனா வந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடாதென்று ஆனபோது, வெறும் குறி மட்டுமின்றி, பிரார்த்தனை, பாட்டு, பாடம் எல்லாமே திரைக்கு வந்தன. இங்கொருவர் வெள்ளைத் துணி விரித்து ஒரு டம்ளர் தண்ணீரும் மெழுகுவர்த்தியும் வைப்பார். அங்கொருவரும் அப்படியே வைப்பார். இடையிலே கடல். இரண்டு டம்ளரும் ஒரே பீடத்தில் இருப்பதாகப் பாவனை.

எது கம்பி வழியே போகும், எது போகாது என்பதில் அவர்களுக்குள் பெரிய வழக்கே நடக்கிறது. பிரார்த்தனை போகும், குறி போகும் என்பார் அநேகர். தீட்சை மாத்திரம் போகாது என்கிறார்கள். தீட்சைக்குப் பச்சிலைச் சாறு தலையில் படவேண்டும், பலியின் இரத்தம் கல்லில் படவேண்டும், குருவின் கை உடம்பில் படவேண்டும் என்பது வாதம். அவர்கள் சாஸ்திரப்படி அது நியாயமாயிருக்கலாம். அந்தத் தீட்சைக்குப் பல ஆயிரம் டாலர் பிடிக்கும் என்பதையும், பிறகு ஒரு வருஷம் முழுவதும் வெள்ளையே உடுத்தவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வ வல்லமையுள்ள தெய்வத்துக்குக் கம்பி வழியே வர முடிகிறது, பேச முடிகிறது, கோபித்துக்கொள்ள முடிகிறது. தட்சிணையும் கம்பி வழியே ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதிகம் செலவாகிற சடங்கு மாத்திரம் கம்பி வழியே போக மாட்டேனென்கிறது. இந்த வரம்பைப் போட்டது யார்? தெய்வமா, பூசாரியா?

இன்னொரு வேடிக்கை. இஃபா என்ற அவர்களுடைய குறி சாஸ்திரத்தில் எட்டு ஓடுகள் கோத்த ஒரு சங்கிலியை வீசுவார்கள். ஒவ்வொரு ஓடும் நிமிர்ந்தோ கவிழ்ந்தோ விழும். எட்டுக்கும் இரண்டிரண்டு நிலையானால் மொத்தம் 256 குறிகள். கம்ப்யூட்டரின் ஒரு பைட்டிலும் 256 நிலைகள்தான். உடனே இணையத்திலே சிலர், 'பார்த்தீர்களா? எங்கள் முன்னோர் கம்ப்யூட்டரை அன்றைக்கே கண்டார்கள்' என்று எழுதுகிறார்கள். இந்தப் பேச்சு நமக்குப் பழக்கமான பேச்சுதான், ஊர்தான் வேறு. எழுத்தில்லாமலே 256 தலைப்புகளின் கீழ் ஆயிரக்கணக்கான கதைகளை மனப்பாடமாய் வைத்திருந்தது நிஜமாகவே பெரிய காரியம். 2005ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அதை மதிக்கத்தக்க பாரம்பரியமென்று அறிவித்ததில் தப்பில்லை. ஆனால் கணக்குச் சரியாயிருப்பதால் ஜோசியம் சரியாகிவிடாது. ஹவானாவில் வருஷப் பிறப்புக்கு இஃபா பூசாரிகள் 'வருஷக் கடிதம்' என்று ஒன்று வெளியிடுகிறார்கள். இன்ன தெய்வம் இந்த வருஷத்தை ஆளும், இன்ன நோய் வரும் என்றெல்லாம். அதிலே இரண்டு கோஷ்டி. வெகு காலமாக ஒரே பட்டணத்தில், ஒரே சாஸ்திரத்தைக்கொண்டு, ஒரே வருஷத்திற்கு இரண்டு வெவ்வேறு கடிதம் வந்துகொண்டிருந்தது! பிறகு 2016ம் வருஷத்துக் கடிதத்தைத்தான் இரு கோஷ்டியாரும் கூடிப் பேசி ஒன்றாக வெளியிட்டார்கள். எதிர்காலத்தைக் கமிட்டி போட்டு முடிவு செய்தார்கள் என்று அர்த்தம்.

இணையத்தால் ஒரு நன்மையும் உண்டு. முன்பெல்லாம் குறியின் கதைகளும் சடங்கு முறைகளும் குருவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து சிஷ்யன் கைக்குத்தான் போகும். இன்று அந்த நோட்டுகளெல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. பெரிய பூசாரிகளுக்கு இதுதான் வயிற்றெரிச்சல். சாமி வந்து ஆடுவதைப் படம் பிடித்துப் போடலாமா கூடாதா என்று ஒரு பக்கம் சண்டை. பெண்கள் இஃபா பூசாரியாகக் கூடாது என்பது கியூபாவில் பழைய கட்டுப்பாடு. ஆப்பிரிக்காவிலேயே சில பகுதிகளில் பெண்கள் ஆகிறார்களே என்ற சேதி எட்டியபிறகு, இந்த நூற்றாண்டில் கியூபாவிலேயே சில பெண்கள் அந்தத் தீட்சை பெற்றிருக்கிறார்கள். அதற்குப் பலத்த எதிர்ப்பும் கிளம்பிற்று. வாசலில் நிற்கிறவனுக்கு மதில் பக்கமாக ஆள் ஏறி வந்துவிட்டால் கோபம் வராதா?

இவ்வளவு பரிந்து பேசிவிட்டுக் கடைசியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யோக்கியமாகாது. 2024ம் வருஷம் டிசம்பர் 6 முதல் 11 வரை, ஹைட்டியின் தலைநகரத்துச் சேரியொன்றில் ஒரு கொள்ளைக் கூட்டத்தார் 207 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையார் விசாரித்து அறிக்கை வெளியிட்டார்கள். கூட்டத் தலைவனுடைய பிள்ளைக்கு நோய் வந்தது. கிழவர்கள் வூடூ வைத்துத்தான் வந்தது என்று அவன் நம்பினான். வீடுகளிலிருந்தும், வழிபாட்டுக் கூடத்திலிருந்துங்கூட முதியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைக்கு நோயென்று சொன்ன அன்றே ஒரு நல்ல ஆஸ்பத்திரியும் டாக்டரும் இருந்திருந்தால்? ரூமேன் 1942ல் கேட்டது அப்படியே நிற்கிறது. 'ஒடுக்கப்பட்டவனுடைய நம்பிக்கை, அதை ஒன்றும் சொல்லாதே' என்று நம்மிடம் சிலர் சொல்லுகிறார்கள். கொல்லப்பட்ட அந்தக் கிழவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே! முரசைக் கொளுத்துகிறவன் பக்கம் நாம் நிற்கமாட்டோம். அதற்காக முரசு அடிப்பதால் நோய் வரும், நோய் போகும் என்பதைக் கேட்டு வாய் மூடிக்கொண்டும் இருக்க முடியாது.

ஒரு நாள் இரவு நானே இப்படியொரு கூட்டத்தைத் திரையில் பார்த்தேன். ஜமெய்க்கா தேசத்தில் ஒருவர் இறந்தால் ஒன்பதாம் இராத்திரி உறவினரெல்லாம் கூடி விடிய விடியப் பாடிக்கொண்டிருப்பது வழக்கம். கொரோனாவில் அதுவும் திரைக்கு வந்தது. பத்துப் பதினைந்து கட்டங்களில் பத்துப் பதினைந்து முகங்கள். பாஷை எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஒரு கிழவி பாட ஆரம்பித்தாள். பாதியிலே அவள் கட்டம் இருண்டுபோயிற்று. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலும். மற்றவர்கள் யாரும் அந்தப் பாட்டைத் தொடரவில்லை. பேசாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் சென்று அவள் முகம் மறுபடியும் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். விட்ட இடத்திலிருந்து அவள் பாடினாள். தெய்வம் வந்ததோ இல்லையோ, சார்ஜர் வந்து சேர்ந்தது.

அந்தப் பத்து நிமிஷம் என்னை ஒரு கேள்வி கேட்டது. அதை உங்களிடமும் கேட்டுவிடுகிறேன். நம் தோழர் ஒருவர் இறந்தால் நாம் சடங்கில்லாமல் அடக்கம் செய்கிறோம், இரங்கற் கூட்டம் போட்டு ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசுகிறோம், கலைந்துவிடுகிறோம். ஒன்பதாம் நாள் இராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் நம்மில் யார் உட்கார்ந்திருக்கிறோம்? இதைப் பற்றி அபிப்பிராயம் உள்ள தோழர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், எழுந்து சொல்லலாம். நான் உட்கார்ந்து கேட்கத் தயாராயிருக்கிறேன்.